காவ் பாங்: வியட்நாமின் வடகிழக்கு மலை மாகாணத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

வியட்நாம் போகிறவர்களில் பெரும்பாலோர் ஹனாய், ஹாலோங் விரிகுடா, நேரம் மிஞ்சினால் சாபா என்று முடித்துக்கொள்கிறார்கள். சீன எல்லையை ஒட்டியிருக்கும் காவ் பாங் பக்கம் வெளிநாட்டுப் பயணிகள் குறைவு. சுண்ணாம்புக்கல் மலைகளும் குகைகளும் நிறைந்த இந்த நிலத்தின் பெரும்பகுதி 2018 முதல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்கா. வியட்நாமின் நவீன வரலாற்றில் பல முக்கியமான அத்தியாயங்கள் தொடங்கியதும் இங்கேதான்.

இந்த மாகாணத்தில், சீன எல்லையில் விழும் பான் ஜோக் அருவியைக் காட்ட ஹனாயிலிருந்து "இரண்டு நாளில் பான் ஜோக் அருவி" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். வாங்காதீர்கள். அந்த இரண்டு நாளில் பெரும்பகுதி வேன் ஜன்னல் வழியாகத்தான் கழியும். குறைந்தது நான்கு இரவு ஒதுக்குங்கள். இரண்டு இரவு காவ் பாங் நகரில், இரண்டு இரவு அருவிக்குப் பக்கத்துக் கிராமத்தில். இந்த விளக்கம் முழுக்க அந்தக் கணக்கில்தான்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மழைக்காலம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. உச்ச மழையில் அருவி பிரம்மாண்டமாக இருக்கும், ஆனால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். மலைச்சாலைகளில் மண்சரிவும் உண்டு. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் என் தேர்வு. அருவியில் தண்ணீரும் இருக்கும், அது தெளிந்தும் இருக்கும், பள்ளத்தாக்கில் நெல்லும் விளைந்து நிற்கும். சுங் கான் பகுதியின் பேர்போன செஸ்ட்நட் கொட்டைகளும் அப்போதுதான் சந்தைக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் போனால் கம்பளி வேண்டும். 1,931 மீட்டர் உயர ஃபியா ஓக் சிகரத்தில் சில குளிர்காலங்களில் செடிகள் மேல் பனி உறைந்துவிடும்.

படி 2: விசா, பணம், போன்

மின்விசாவை வியட்நாம் அரசின் தளத்திலேயே எடுங்கள். 90 நாள் வரை கிடைக்கும்; ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன, கவனம். நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. இனிஷியலா, அப்பா பெயரா என்று குழம்பாமல் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே நிரப்புங்கள்.

பணத்தை நகரத்திலேயே ஏடிஎம்மில் எடுத்துவிடுங்கள், கிராமங்களில் ரொக்கம்தான் எளிது. 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். மாலை வெளிச்சத்தில் மாறிப்போக வாய்ப்பு அதிகம், தனித்தனியாக வையுங்கள்.

எல்லையோரத்தில் போன் தானாகச் சீன நெட்வொர்க்கைப் பிடித்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடலாம். நேர அமைப்பை 'தானியங்கி'யிலிருந்து மாற்றிவிடுங்கள்.

படி 3: ஹனாயிலிருந்து காவ் பாங் நகருக்கு

இங்கே ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. ஹனாயின் மீ டின் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். சுமார் 280 கிலோமீட்டர், ஆறு ஏழு மணி நேரம். இரவுப் படுக்கை பஸ்ஸில் போனால் விடுதிக் கட்டணம் மிச்சம்தான். ஆனால் ஊர் விடிவதற்கு முன்பே இறக்கிவிட்டுவிடுவார்கள். பகல் பஸ்ஸே மேல். பிற்பாதி வழி முழுக்க வளைவுகள், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

பைக் வாடகைக்கு எடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி தரப்படும் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை. இந்தியாவில் கொடுப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியானது. கடைக்காரர் சாவியைக் கொடுத்துவிடுவார், அது வேறு விஷயம். விபத்து என்று வந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். ஓட்டுநருடன் கார் பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நகரத்திலிருந்து பான் ஜோக் போகும் உள்ளூர் பஸ் இருக்கவே இருக்கிறது.

படி 4: ஒரு நாள் பாக் போவுக்கு

நகரிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். முப்பது ஆண்டு வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பிறகு 1941 ஜனவரி 28 அன்று வியட்நாம் விடுதலைத் தலைவர் ஹோ சி மின் சீன எல்லையைத் தாண்டி நாடு திரும்பிய இடம் இது. எல்லைக்கு ஒரு நடைதூரத்தில், குளிரும் ஈரமுமான ஒரு சின்னக் குகையில் தங்கினார். பலகைகளை அடுக்கிய படுக்கை, ஓடையோரம் கல் மேசை. அந்த ஓடைக்கு லெனின் என்றும் எதிரிலுள்ள மலைக்கு மார்க்ஸ் என்றும் அவரே பெயர் வைத்தார். அதே ஆண்டு மே மாதம் இங்கே நடந்த கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டத்தில்தான் வியட் மின் என்ற விடுதலை இயக்கம் உருவானது.

குகைக்குள் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. 1979 போரில் சீனப் படை இதை வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது இருப்பது சீரமைக்கப்பட்டது. புரட்சிக்கு உதவிய அண்டை நாடே பிறகு படையெடுத்து வந்து அந்தப் புரட்சியின் தொட்டிலை உடைத்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் இந்த இடத்தின் கனம் புரியும். வெளியே ஓடையின் பச்சை நிறத்தை நம்ப முடியாது. வாடிக்கையாக வரும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்தைத் தவிர்க்கச் சீக்கிரமே போய்விடுங்கள். வழியில் கிம் டோங் என்ற நுங் இனச் சிறுவனின் நினைவிடம் இருக்கிறது. ரகசியக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்த புரட்சியாளர்கள் தப்பிக்க, பிரெஞ்சுப் படையின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பி 1943இல் குண்டடிபட்டு இறந்தவன்.

படி 5: கிழக்குச் சாலையில் நிதானமாகப் போங்கள்

மூன்றாம் நாள் பான் ஜோக் நோக்கிக் கிளம்புங்கள். தூரம் 90 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் முழுப்பகலும் ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால் அருவியைவிட இந்தச் சாலைதான் உசத்தி.

மா ஃபுக் கணவாய் தாண்டியதும் ஃபுக் சென். நுங் இனத்தின் ஒரு பிரிவான நுங் ஆன் மக்களின் கொல்லர் கிராமம். பழைய லாரிகளின் பட்டை வில்லைக் காய்ச்சி அடித்துக் கத்தியும் அரிவாளும் செய்கிறார்கள். கணவன் இடுக்கியில் பிடிக்க, மனைவி சம்மட்டி போடுவதைப் பார்க்கலாம். கத்தி வாங்கினால் விமானத்தில் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும்.

கொஞ்ச தூரத்தில் ஃபியா தாப் கிராமம். இங்கே ஊதுபத்தி வீட்டுத் தொழில். மூங்கில் குச்சியை மரத்தூளில் புரட்டிப் புரட்டி, கட்டுக் கட்டாக வெயிலில் விரித்துக் காயவைப்பார்கள். வேலை பெரும்பாலும், தூண்கள்மேல் எழுப்பிய வீட்டின் கீழே உள்ள திறந்த இடத்தில் நடக்கும். கேட்டுவிட்டுப் படமெடுங்கள், ஒரு கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரமிருந்தால் வழியிலிருந்து விலகி 'தேவனின் கண்' மலை. உச்சியருகே சுமார் 50 மீட்டர் அகல ஓட்டை. வறண்ட மாதங்களில் கீழே புல்வெளி, மழையில் ஏரி.

படி 6: குவோய் கியில் தங்குங்கள், அருவிக்கு விடியலில் போங்கள்

குவோய் கி தைய் இனத்தவர் வாழும் சின்னக் கிராமம். தூண்மேல் வீடுகள்தான், ஆனால் சுவரும் படியும் வேலியும் கல். இதை மாக் வம்சக் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 1592இல் தலைநகரை இழந்த மாக் அரசர்கள் காவ் பாங்குக்குப் பின்வாங்கி, சீன ஆதரவில் 1677 வரை தாக்குப்பிடித்தவர்கள். பல வீடுகளில் விருந்தினர்களுக்கு இடம் தருகிறார்கள். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறுங்கள். பாஸ்போர்ட்டைப் பதிவுக்காகக் கேட்பார்கள், கொடுங்கள்.

இங்கிருந்து பான் ஜோக் பக்கம்தான். நகரிலிருந்து வரும் டூர் வேன்கள் பத்து மணிவாக்கில் வந்துசேரும், அதற்கு முன் போய்விடுங்கள். க்வே சோன் ஆறு சுமார் 300 மீட்டர் அகலத்தில் அடுக்கடுக்காக விழுகிறது. ஒரு பகுதி வியட்நாமுக்கு, ஒரு பகுதி சீனாவுக்கு. இரு நாட்டுப் படகுகளும் ஒரே குளத்தில் சுற்றி வரும், அந்தப் பக்கத்துப் பயணிகள் கையசைப்பார்கள். எல்லைப் பகுதி என்பதால் டிரோன் பறக்கவிட வேண்டாம். குன்றின் மேலுள்ள சுக் லாம் பௌத்த ஆலயத்துக்கு ஏறினால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும்.

கூட்டம் சேர்ந்ததும் ஙுவோம் ஙாவ் குகைக்கு நழுவிவிடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் ஒரு பகுதியில்தான் பயணிகளை விடுகிறார்கள். ஈரத்தில் வழுக்கும், பிடிமானமுள்ள காலணி போடுங்கள்.

சாப்பாடு

ஏழு மசாலா சேர்த்துச் சுட்ட வாத்து இந்த ஊரின் பெருமை. காலையில் பான் குவோன்: ஆவியில் வெந்த மெல்லிய அரிசித் தாள், மற்ற ஊர்களில் மீன்சாற்றில் தொட்டுச் சாப்பிடுவதை இங்கே சூடான எலும்புச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள்.

சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். 'ஆன் சாய்' என்றால் சைவம், ஆனால் நம் உச்சரிப்பு அவர்களுக்குப் பிடிபடாமல் போகலாம். இறைச்சி, மீன்சாறு, எலும்புச் சாறு மூன்றும் வேண்டாம் என்று வியட்நாமியில் மொழிபெயர்த்து போனில் வைத்துக் காட்டுங்கள். சோறு, வதக்கிய கீரை, டோஃபு எங்கும் கிடைக்கும். ஊறுகாய் கொண்டுபோனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வரைபடம் பற்றி

2025 ஜூலையில் வியட்நாம் மாவட்ட நிர்வாக அடுக்கையே எடுத்துவிட்டது. காவ் பாங் மாகாணம் அப்படியே இருந்தாலும், பழைய வழிகாட்டிகளில் உள்ள மாவட்டப் பெயர்கள் இப்போதைய முகவரிகளோடு பொருந்தாது. ஆகவே ஓட்டுநரிடம் முகவரி சொல்லாமல் இடத்தின் பெயரையே காட்டுங்கள். திரும்பும் பஸ்ஸுக்கு முந்தின நாளே இடம் சொல்லிவைக்க வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வார இறுதியில் ஹனாய் பஸ்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.