படகு வீடு வாங்குவோர் பார்க்க வேண்டிய பத்தாண்டுக் கணக்கு

இங்கிலாந்தின் கால்வாய்களில் படகையே வீடாக்கிக்கொள்ள விரும்புவோர், எஃகாலான குறுகிய படகான நாரோபோட், அதைவிட அகன்ற வைட்பீம், கண்ணாடியிழைப் படகு ஆகியவற்றின் விலையை மட்டும் ஒப்பிடாமல், அடுத்த பத்தாண்டுகளுக்கான செலவையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. எஃகுப் படகை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து மேலேற்றி, அடிப்பகுதிக்குத் தார் போன்ற பிட்டுமென் பூசி, எஃகுக்குப் பதிலாகத் தாம் அரிபட்டுக் கரையும் மெக்னீசியம் கட்டிகளான அனோடுகளையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன்பே மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 6 மி.மீ. பக்கத்தகடு நீர்மட்டத்தை ஒட்டிக் குழிகுழியாக அரித்து 4 மி.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால், முழுக் காப்பீடு கிடைப்பது கடினமாகும். மேலே புதுத் தகடு பற்றவைக்கும் செலவோ, மலிவாக வாங்கிய இலாபத்தை விழுங்கிவிடும்.

கண்ணாடியிழைக்குத் துருக்கவலை இல்லை. ஆனால் பெரும்பாலும் கோடைக்கால உல்லாசத்துக்கெனக் கட்டப்பட்டவை என்பதால், குளிர்காலத்தில் உள்ளே சூடாக்கும் எரிபொருள் செலவு கூடும்.

வைட்பீமில் தாராளமாகப் புழங்கலாம்தான். கால்வாயில் படகு வைத்திருப்பதற்கான உரிமக் கட்டணம் அதற்குக் கூடுதல் என்பதோடு, படகுகளை நீர்மட்டத்துக்கேற்ப ஏற்றி இறக்கும், 7 அடி அகலமே உள்ள குறுகிய நீர்ப்பூட்டுகளுக்குள் அது நுழையவே நுழையாது. நிலையான கட்டுத்துறை இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் படகுகளுக்கும் 2024 ஏப்ரல் முதல் உரிமத்தில் கூடுதல் கட்டணம் சேர்ந்துள்ளது.