மயில்துத்தக் கரைசலில் இருந்து தாமிரத் தூள் எடுக்கும் முறை

காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பைப் போட்டால் தாமிரம் படியும். அது பூச்சாக ஒட்டிக்கொள்கிறதா, தூளாக உதிர்கிறதா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

25 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்டின் நீலப் படிகம்) 250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். இதிலுள்ள தாமிரம் 6.35 கிராம். அதை வெளியேற்ற 5.6 கிராம் இரும்பு போதும் என்றாலும், 30 கிராமுக்குக் குறையாத தகடாகவே எடுங்கள். கம்பி நாரும் அரத்தூளும் வேகமாக வினைபுரியும்; ஆனால் துணுக்குகள் தாமிரத்துக்குள் சிக்கிக்கொண்டால் பிரிப்பது பெரும்பாடு. தகட்டை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரில் கழுவிவிடுங்கள்.

கண்ணாடியும் கையுறையும் அணிந்து, 10% சல்ஃப்யூரிக் அமிலம் 5 மி.லி. சேருங்கள். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 2-ஐ ஒட்டி வரும். அமிலம் இல்லாவிட்டால் இரும்பு ஹைட்ராக்சைடு பழுப்புச் சேறாகித் தூளோடு கலக்கும். மிகுந்தால் குமிழ்கள் கிளம்பும்: இரும்பு அமிலத்திலேயே வீணாகிறது, ஹைட்ரஜன் வருகிறது. அருகில் நெருப்பு கூடாது.

கரைசலை 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கித் தகட்டை இறக்குங்கள். இரும்பு ஓரிடத்தில் கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. வேறோரிடத்தில் தாமிர அயனிகள் அவற்றைப் பெற்றுக் கிளைகிளையாக வளர்கின்றன. அசைக்காமல் விட்டால் படிவு இரும்பை மூடி, வினை மந்தமாகும். ஆகவே தொடர்ந்து கலக்குங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டிவிடுங்கள். நுரைக்கும்படி அடித்துக் கலக்க வேண்டாம். உள்ளே புகும் ஆக்சிஜன் ஃபெரஸ் அயனியை (இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு) ஃபெரிக் (மூன்று இழந்தது) ஆக்கும். ஃபெரிக் அயனி இரும்பையும் தின்னும், படிந்த தாமிரத்தையும் தின்னும்.

நீலம் போய் வெளிர்பச்சை வந்ததும், தேய்த்த ஆணியை ஒரு நிமிடம் நனையுங்கள். செம்மை படியாவிட்டால் வினை முடிந்தது.

தகட்டை எடுத்து, தெளிந்த நீரை இறுத்து, தூளை 5% சல்ஃப்யூரிக் அமிலத்தில் பத்து நிமிடம் கலக்குங்கள். எஞ்சிய இரும்பு கரையும். பிறகு கொதிக்கவைத்து ஆற்றிய நீரில், நீல லிட்மஸ் தாள் சிவப்பது நிற்கும் வரை கழுவுங்கள். எத்தனாலில் இருமுறை அலசி, நெருப்பில்லாத காற்றோட்டமான இடத்தில் உடனே உலர்த்திக் காற்றுப்புகாத புட்டியில் அடையுங்கள். ஈரத்தோடு விட்ட தூள் பழுப்பேறிவிடும்.

இரும்புக்குப் பதில் துத்தநாகத்தையும் போடலாம். தாமிரத்தை வெளியேற்றும் உந்துவிசை (மின்னழுத்த வேறுபாடு) துத்தநாகத்துக்கு 1.10 வோல்ட், இரும்புக்கு 0.78. அதனால் துத்தநாகத்தில் வினை விரைவு, தூளும் நுண்ணியது, நிறம் கறுப்பாகத் தெரியும். துத்தநாகத் தூளை ஒரேயடியாகக் கொட்டினால் கரைசல் கொதித்துத் தெறிக்கும். சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள்.

இறுத்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். எஞ்சிய சிறிதளவு தாமிரமும் மீன்களுக்கு நஞ்சு. ரசாயனக் கழிவாகச் சேர்த்து ஒப்படையுங்கள்.