சொட்டு மருந்துக்கு முன் டார்ச்சை எடுங்கள்: கண் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண் மருத்துவப் பயிற்சிக்குப் புதிதாக வருபவர்களை ஆண்டுதோறும் அருகிலிருந்து பார்த்து வருகிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது செய்த அதே பிழைகளை, ஏறத்தாழ அதே வரிசையில், அவர்களும் செய்கிறார்கள். இடக்கண்ணை வலக்கண் என்று எழுதிவிடுவது, கை கழுவாமல் இமையைத் தொடுவது போன்றவற்றை ஒருமுறை கண்டித்தால் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை. வேலை ஒழுங்காக நடப்பதுபோலவே தோன்றும்போது பார்வையைப் பறித்துவிடுகிற தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்பாவையைச் சோதிக்காமல் விரித்துவிடுவது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இது. பார்வை மங்கலாகிறது என்று முதியவர் ஒருவர் வருகிறார். வயதைப் பார்த்தவுடனே கண்புரையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, நுழைவாயிலிலேயே கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். டிராபிக்கமைடு போன்ற மருந்து அரை மணி நேரத்துக்குள் பாவையை நன்றாக விரித்துவிடும். அது பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை, பார்வை நரம்பு நலமாக இருக்கிறதா என்பதை ஒரு டார்ச் விளக்கால் எளிதாகத் தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டுப் போகிறது.

அந்தச் சோதனை இப்படி நடக்கும். ஒரு கண்ணில் விழும் வெளிச்சத்தின் செய்தி பார்வை நரம்பு வழியாக நடுமூளைக்குச் சென்று, அங்கிருந்து இரு கண்களுக்கும் ஒரே அளவில் கட்டளையாகத் திரும்புவதால், இரு பாவைகளும் ஒன்றாகச் சுருங்குகின்றன. வெளிச்சம் குறைந்த அறையில் நோயாளியைத் தொலைவில் பார்க்கச் சொல்லி, டார்ச்சை ஒரு கண்ணில் இரண்டு மூன்று நொடிகள் காட்டி, உடனே மறு கண்ணுக்கு மாற்றி, மீண்டும் திரும்ப வேண்டும். வெளிச்சம் வந்து விழுந்த பிறகும் ஒரு கண்ணின் பாவை சுருங்கி நிற்காமல் விரிந்தால், அந்தக் கண்ணின் நரம்போ, விழித்திரையின் பெரும்பகுதியோ பழுதடைந்திருக்கிறது என்று பொருள். கண்புரை ஒளியைச் சிதறடிக்குமே தவிரத் தடுத்து நிறுத்தாது. எவ்வளவு முற்றிய புரையாக இருந்தாலும் அது மட்டும் இந்தக் குறியை உண்டாக்குவதில்லை.

நான் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது தையல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், இடக்கண்ணால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வந்தார். இரு கண்களிலும் புரை இருந்தது. இடப்பக்கம் சற்றே கூடுதல். கூட்டம் மிகுந்த நாள் என்பதால் என் சொல்லின்படி முன்கூட்டியே மருந்து விடப்பட்டிருந்தது. கண் அழுத்தம் 20 மி.மீ. என்று வந்தது, 21 வரை இயல்பு என்று படித்திருந்த நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். புரையின் மங்கலுக்குப் பின்னால் தெரிந்த நரம்பை அவசரமாக ஒருமுறை பார்த்துவிட்டு, அறுவை சிகிச்சைக்குப் பெயரைப் பதிந்தேன். அவர் முறை வருவதற்குச் சில மாதங்கள் ஆயின.

எங்கள் மூத்த மருத்துவர் செய்த அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் கட்டைப் பிரித்தபோது பெரியவர் எழுத்துப் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "வெளிச்சம் கூடியிருக்கிறது டாக்டர், எழுத்துதான் வரவில்லை" என்றார். மூத்த மருத்துவர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்தார். அறுவை செய்த கண்ணின் பாவை இன்னும் விரிந்தே இருந்ததால், அவர் மற்றக் கண்ணின் பாவையைக் கவனித்தார். வெளிச்சம் இடக்கண்ணுக்குப் போன ஒவ்வொரு முறையும் வலப்பாவை விரிந்தது. தெளிந்த லென்ஸ் வழியே பார்த்தபோது இடப்பக்கப் பார்வை நரம்பின் நடுக்குழி ஏறத்தாழ விளிம்பு வரை அகன்றிருந்தது. பார்வை நரம்பைச் சிறிதுசிறிதாக அழிக்கும் நோயான குளுக்கோமா, அதுவும் முற்றிய நிலையில். பின்னர் அளந்ததில் அவருடைய கருவிழி மெல்லியது என்று தெரிந்தது. அத்தகைய கண்ணில் அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அழுத்தம் இயல்பு எல்லைக்குள் இருக்கும்போதே நரம்பைத் தின்னும் குளுக்கோமாவும் உண்டு.

இழந்த நரம்பு இழைகள் மீண்டும் வளர்வதில்லை. நான் அன்று டார்ச்சைக் காட்டியிருந்தால், அறுவைக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை அவர் போட்டிருப்பார். புரையை அகற்றினாலும் இடக்கண்ணில் கிடைக்கக்கூடிய பார்வைக்கு எல்லை உண்டு என்பதையும் முன்னரே அறிந்திருப்பார். கூட்டம் என்பதைத்தான் நான் அன்று காரணமாகச் சொன்னேன். இன்று என் முன் நிற்கும் இளைஞர்களும் அதையே சொல்லும்போது பொறுக்க முடிவதில்லை, ஏனெனில் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஆகவே, பாவையின் வினை இன்னதென்று தாளில் எழுதப்படும் வரை எங்கள் அறையில் யாரும் மருந்துப் புட்டியைத் திறக்கக் கூடாது என்று விதித்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரு நரம்புகளும் ஒரே அளவில் பழுதடைந்திருந்தால் இச்சோதனை ஒன்றும் காட்டாது. நரம்பை நேரில் பார்ப்பதற்கு இது மாற்றாகிவிடாது.

சிவந்த கண்ணுக்கெல்லாம் ஸ்டீராய்டு

ஸ்டீராய்டு சொட்டு மருந்து சிவப்பை விரைவில் தணிப்பதால் நோயாளியும் மகிழ்கிறார், எழுதிக்கொடுத்தவரும் மகிழ்கிறார். ஆனால் அந்தச் சிவப்பு ஹெர்ப்பிஸ் கிருமியால் கருவிழியில் உண்டான புண்ணாக இருந்தால், அதே மருந்து புண்ணைப் பரவச் செய்து ஆழமான தழும்பில் கொண்டுபோய் விடும். ஃபுளூரசீன் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால் அந்தப் புண் மரக்கிளைபோல் கிளைத்துத் தெரியும். அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டு எழுதக் கூடாது. காரணத்தோடுதான் கொடுத்தோம் என்றாலும், சிலருக்குச் சில வாரங்களிலேயே கண் அழுத்தம் ஏறத் தொடங்கும். நோயாளி பழைய சீட்டைக் காட்டித் தானாகவே மீண்டும் வாங்கிப் போட்டுக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, எப்போது அழுத்தம் பார்க்க வருவது என்ற மூன்றையும் எழுதாத சீட்டு முழுமையான சீட்டாகாது.

மரத்துப்போகச் செய்யும் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

கூடவே கூடாது, கருவிழியே கரைந்துபோகும்.

ரசாயனம் பட்ட கண்ணுக்குப் பதிவுத் தாள் தேடுவது

முதலில் நீரால் கழுவுங்கள். பெயர், வயது, பார்வை அளவு எல்லாம் பிறகு.

"வளர்ந்தால் சரியாகிவிடும்"

மாறுகண்ணுடன் வரும் குழந்தையின் பெற்றோருக்கு இந்த ஆறுதலைச் சொல்லக் கூடாது. மூளை பயன்படுத்தாமல் விட்ட கண் சோம்பேறிக் கண்ணாகிவிடும்; ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடியும், நல்ல கண்ணை மறைத்துப் பழக்குவதும் தரும் பலன் பிறகு கிடைப்பது அரிது. பாவைக்குள் வெள்ளையாக ஒளி தெரிந்தால் விழித்திரைப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

"புரை மீண்டும் வந்துவிட்டது"

அறுவைக்குப் பின் மீண்டும் மங்கலாகிறது என்று வருபவரிடம் இப்படிச் சொல்லக் கூடாது. அகற்றிய புரை திரும்பி வருவதில்லை. செயற்கை லென்ஸைத் தாங்கும் பின்னுறை மங்கியிருக்கிறது. யாக் லேசரால் சில நிமிடங்களில் அதில் வழி திறக்கலாம். சொல் தவறினால் முதல் அறுவையே தோற்றுவிட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்வார்.

விரிக்காமலேயே அனுப்பிவிடுவது

முதல் தவறுக்காகக் கண்டிக்கப்பட்டவர்கள், அடுத்த வாரம் இந்த மறுமுனைக்குப் போய் நிற்கிறார்கள். பாவையின் வினையைப் பார்த்து, பக்கவாட்டில் டார்ச்சைக் காட்டிக் கண்ணின் முன்னறை ஆழமாக இருப்பதையும் உறுதி செய்துகொண்டால், மருந்து விடத் தயங்க வேண்டியதில்லை. நீரிழிவு நோயாளி கடைசி வரி வரை படித்துவிட்டார் என்பதால் அவருடைய விழித்திரை நலமாக இருக்கிறது என்று ஆகாது. நடுப்பகுதி பாதிக்கப்படும் வரை பார்வை குறையாமலே இரத்தக் கசிவு பரவியிருக்கக்கூடும். இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்தவுடன் ஒருமுறையும், அதன்பின் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறையும் பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். கண்முன் திடீரென்று மின்னல் வெட்டுகிறது, கரும்புள்ளிகள் மிதக்கின்றன என்று சொல்பவரை விரித்துப் பார்க்க மறுநாள் வரச் சொல்லாதீர்கள். விழித்திரை கிழிந்திருந்தால், அது பிரிந்து வருவதற்கு முன் லேசரால் அடைக்கக் கிடைக்கும் நேரம் அந்த ஒரு நாளாகவே இருக்கலாம்.