ஸ்லோவில் நின்றுபோகும் மோட்டார் சைக்கிள்: காபரேற்றரை வீட்டிலேயே சீர்செய்யும் முறை

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் புகையிரதக் கடவை மூடியிருக்கும் நேரத்தில் அருகில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைக் கவனித்தால், கையை விட்டால் இயந்திரம் நின்றுவிடும் என்பதற்காகவே எக்ஸிலேற்றரை முறுக்கிக்கொண்டு நிற்பவர்கள் சிலரையாவது காணலாம். இதற்குக் கராச்சுகளில் வழமையாகச் செய்யும் வைத்தியம் ஸ்லோவை, அதாவது எக்ஸிலேற்றரை விட்டிருக்கும்போது இயந்திரம் ஓடும் வேகத்தை, கூட்டிவிடுவதுதான். அதனால் வண்டி நிற்காது. ஆனால் கோளாறு அப்படியே இருக்க, நிற்கும் இடமெல்லாம் பெற்றோல் எரியும். 2022 இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. என் 100 சிசி வண்டியில், பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் காபரேற்றரைத் திறந்து பார்க்கும் எண்ணம் அப்போதுதான் வந்தது. கீழே உள்ள முறை காபரேற்றர் வண்டிகளுக்கு மட்டுமே. இன்ஜெக்சன் வண்டிகளுக்குப் பொருந்தாது.

முதலில் எயார் ஃபில்ரரைத் துப்புரவாக்கி, பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. வெளிறியிருந்தால் காற்றுக் கூடுதல். மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. பின்னர் பத்து நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சோக்கை முழுமையாக விடுவித்துவிடுங்கள். குளிர்ந்த இயந்திரத்தில் வைக்கும் ஸ்லோ, சூடேறியதும் மாறிவிடும்.

காபரேற்றரில் இரண்டு திருகாணிகள் உண்டு. சுருள்வில்லுடன் வெளியே நீண்டிருக்கும் பெரியது ஸ்லோவுக்கானது. சிறியது கலவைக்கானது, பலரும் தடுமாறுவது இதில்தான். அது எயார் ஃபில்ரர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துவது: உள்ளே திருகினால் காற்றுக் குறைந்து பெற்றோல் விகிதம் கூடும். இயந்திரத்தின் பக்கம் இருந்தால் பெற்றோலைக் கட்டுப்படுத்துவது: உள்ளே திருகினால் பெற்றோல் குறையும். ஒருவர் தம் வண்டிக்குச் சொன்ன திசை உங்கள் வண்டியில் நேரெதிராக அமைவது இதனால்தான். எந்தப் பக்கம் என்று உறுதிசெய்தபின், இயந்திரத்தை நிறுத்திவிட்டு, திருகாணியை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டியதும் இறுக்கக் கூடாது. அதன் கூர்முனை கெட்டுவிடும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, வண்டியை இயக்கி, கால் சுற்றுக் கால் சுற்றாக இருபுறமும் திருப்பிப் பாருங்கள். இயந்திரம் மிக வேகமாகவும் சீராகவும் ஓடும் இடமே சரியான இடம். இப்போதுதான் ஸ்லோத் திருகாணியைத் தொட வேண்டும். பெரும்பாலான 100 சிசி வண்டிகளுக்கு நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவில் இருந்தால் போதும். இந்த வேலைக்குப் பிடி குட்டையான, வெட்டில் இறுக்கமாகப் பொருந்தும் ஸ்குரூ டிறைவரே ஏற்றது. மெல்லிய நுனி பித்தளையைச் சிதைத்துவிடும்.

கலவைத் திருகாணியைத் திருப்பியும் ஓட்டத்தில் மாற்றமே இல்லையென்றால், ஸ்லோவில் பெற்றோல் வரும் நுண்துளைக் குழாயான ஸ்லோ ஜெற் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அதைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் ஜெற்றையே மாற்ற வேண்டிவரும். ரயர் கடைக் காற்றை அதில் ஊதினாலே போதும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே இன்றும் காபரேற்றரை மண்ணெண்ணெயில் கழுவுகிறார்கள். அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால், காபரேற்றர் கிளீனரையே நான் விரும்புகிறேன்.

கார்த்திகை, மார்கழி மழையில் திடீரென நிற்கத் தொடங்கும் வண்டியில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். ஆறிய வண்டியில், நெருப்பு இல்லாத இடத்தில், காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் உள்ள வடிதிருகைத் தளர்த்திக் கண்ணாடிப் போத்தலில் பிடித்தால், தண்ணீர் பெற்றோலுக்கு அடியில் தனியாகத் தங்கும்.

பிற்சேர்க்கை: எல்லாம் செய்தும் சிறிது தூரம் ஓடியதும் வண்டி நிற்கிறது, ஆறவிட்டால் மீண்டும் ஓடுகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். நின்றவுடன் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, சற்றுப் பொறுத்ததும் வண்டி இயங்கினால், மூடியிலுள்ள காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. எக்ஸிலேற்றரை விட்டபின்னும் வேகம் இறங்க மறுக்கிறதென்றால், காபரேற்றரை இயந்திரத்துடன் இணைக்கும் இறப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாற்றும்வரை கலவைத் திருகாணியைத் தொடுவதில் பயனில்லை.