மாஜுலித் தீவுக்குச் செல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா ஆற்றின் நடுவே பச்சைப் பசேலென்று விரிந்து கிடக்கும் மாஜுலிக்கு, காசிரங்கா பயணத்தின் இடையே ஒரு பகல் பொழுதை மட்டும் ஒதுக்குபவர்கள் பலர். முதல் தவறு இதுதான். மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். ஜோர்ஹாட்டை அடுத்த நிமாதி படித்துறையில் ஃபெரி ஏறினால், நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்து ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கரை இறங்கிய பிறகும் கமலாபாரி, கரமூர் போன்ற ஊர்களுக்குச் சாலை வழியே செல்ல வேண்டும். திரும்பி வரும் கடைசி ஃபெரியோ பொழுது சாய்வதற்குள் புறப்பட்டுவிடும். ஆகவே இரண்டு இரவுகளாவது தங்குவதே முறை. வெள்ளம் ஏறினாலோ மூடுபனி அடர்ந்தாலோ படகுப் போக்குவரத்து நிறுத்தப்படும் என்பதால், தீவிலிருந்து திரும்பும் நாளிலேயே விமானத்திற்கு முன்பதிவு செய்துவிடக் கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வெள்ளக் காலத்தைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது, சத்ராக்களைக் காட்சிக்கூடங்களாகக் கருதுவது. அஸ்ஸாமிய ஞானி சங்கரதேவரும் அவருடைய சீடர் மாதவதேவரும் பரப்பிய வைணவ நெறியில் எழுந்த இந்த மடங்களில் இன்றும் அன்றாட வழிபாடு நடக்கிறது. கமலாபாரி போன்ற சத்ராக்களில் சிறுவயதிலேயே வந்து சேர்ந்து, பிரம்மசாரிகளாக வாழும் பகத்துகள் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் செவ்வியல் நடனமாக ஏற்கப்பட்ட சத்திரிய நடனம் அவர்களுக்கு வழிபாட்டின் ஓர் அங்கம். வந்தவர்களுக்காக ஆடிக் காட்டச் சொல்வது அழகன்று. நாம்கர் எனப்படும் வழிபாட்டுக் கூடத்திற்குள் செருப்போடு நுழைவதும், கேட்காமல் படம் எடுப்பதும், பகத்துகளைத் தொட்டுப் பேசுவதும் அவர்கள் மனத்தைப் புண்படுத்தும்.

சாமகுரி சத்ராவில் முகமூடிகளோடு படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுகிறவர்கள் அங்குள்ள மிகச் சிறந்த ஒன்றை இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. மூங்கிலைச் சீவிக் கூடுபோல முடைந்து, களிமண் குழம்பில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டி, களிமண்ணும் சாணமும் கலந்த கலவையால் மூக்கையும் புருவத்தையும் உருவாக்கி, வெயிலில் காயவைத்து, அதன் பின்னரே வண்ணம் பூசுகிறார்கள். பாவனா என்னும் பக்தி நாடகத்தில் இராவணனுக்கும் பூதனைக்கும் உயிர் கொடுப்பவை இவைதாம். 2024-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கைவினையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குப் பேரம் பேசவே மனம் வராது.

தீவில் வாழும் மிசிங் பழங்குடி மக்கள் வெள்ளத்திற்கு அஞ்சித் தூண்களின் மேல் வீடு கட்டுகிறார்கள். வீட்டின் அடியில் உள்ள நிழலில் பெண்கள் தறி நெய்வதைக் காணலாம். திறந்தவெளிபோலத் தோன்றினாலும் அது அவர்கள் வீடுதான், எனவே அனுமதி கேட்டே உள்ளே செல்ல வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த நிலப்பரப்பில் பாதிக்கும் மேலானதை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய நிலத்தில் வீசப்படும் பிளாஸ்டிக், வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வந்து தங்கும் நீர்நிலைகளுக்கே வெள்ளத்தோடு போய்ச் சேரும். கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவருவது பெரிய சிரமமில்லை.

பெரும்பாலும் நவம்பரில், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, கிருஷ்ண லீலைகளைக் கொண்டாடும் ராஸ் விழா நடைபெறும். அப்போது தீவெங்கும் கூட்டம் நிறைந்துவிடும். தங்குமிடம் உறுதியாகாமல் புறப்படக் கூடாது.