ஒற்றை நிற ஜிக்சா புதிரை அடுக்கும் முறை

ஒரே நிறத்தில் அமைந்த ஜிக்சா புதிரை அடுக்க உட்காருபவர் அஞ்ச வேண்டியது, பொருந்தியதுபோல் தோன்றி அமர்ந்துவிடும் தவறான துண்டுக்குத்தான். படமுள்ள புதிரில் ஒரு துண்டு இடம் மாறி அமர்ந்தால், ஓட்டுக் கூரையின் சிவப்பு வானத்து நீலத்தில் போய் முட்டி அப்போதே தவறைக் காட்டிக் கொடுத்துவிடும். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி, பலகையில் ஒட்டிய நிலப்படங்களை நாட்டெல்லைகளின் வழியே அறுத்து விற்ற காலம் முதல் இந்தப் புதிர்களுக்குப் படமே வழிகாட்டியாக இருந்து வந்திருக்கிறது. அந்த வழிகாட்டியை எடுத்துவிட்ட புதிர்களும் இன்று உண்டு. ராவன்ஸ்பர்கர் நிறுவனத்தின் ‘கிரிப்ட்’ வரிசையில் வெள்ளி நிறப் புதிர் 654 துண்டுகளையும் கறுப்புப் புதிர் 736 துண்டுகளையும் கொண்டது. முதல் முறை முயல்பவர், வரிசை வரிசையாக வெட்டப்பட்ட 500 துண்டு வெள்ளைப் புதிரில் தொடங்குவது நல்லது. வெள்ளையில் இடைவெளியின் நிழலாவது தெரியும். கறுப்பு அதையும் விழுங்கிவிடும்.

நான் அத்தகைய புதிரை அடுக்கியது ஏற்காட்டில், ஒரு கார்த்திகை மாதத்தில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஜன்னலோரம் இருந்தால் நன்றாகத் தெரியும் என்று எண்ணி மூன்று நாள்கள் அங்கேயே அமர்ந்தேன். ஆனால் மூடுபனிக்குள் வரும் வெளிச்சம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக விழுவதால், துண்டுகளுக்கு இடையே நிழலே உண்டாகவில்லை. பிறகு மேசை விளக்கை ஒரு சாண் உயரத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தேன். இடைவெளிகள் மெல்லிய கோடுகளாக எழுந்து வந்தன. ஈரத்தையும் கவனிக்க வேண்டும். அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும் தன்மையுடையது. மலையில் மழை நாளில் இறுக்கமாக அமரும் துண்டு, சேலத்துச் சித்திரை வெயிலில் தளர்ந்துவிடும். ஆகவே இறுக்கத்தை மட்டும் வைத்து ஒரு துண்டைச் சரி என்று தீர்மானிக்கக் கூடாது. அடுக்காத துண்டுகளை இரவில் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிட வேண்டும்.

அடுத்தது பிரித்தல். அக்கா வீட்டில் காப்பிக் கொட்டையை முறத்தில் பரப்பி, ‘பீபெரி’ எனப்படும் உருண்டைக் கொட்டையைத் தட்டைக் கொட்டையிலிருந்து பிரிக்கும்போது, உருண்டையா தட்டையா என்பதையே பார்ப்பார்கள். புதிருக்கும் அந்தக் கண்தான் வேண்டும். துண்டில் நீட்டிக்கொண்டிருப்பதை மூக்கு என்றும் உள்வாங்கியிருப்பதைப் பள்ளம் என்றும் கொண்டால், நான்கு பக்கங்களுள்ள துண்டுக்கு ஆறு வடிவங்களே உண்டு: மூக்கே இல்லாதது, ஒரு மூக்கு, அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு, மூன்று, நான்கு. ஆறு தட்டுகளில் இவற்றைப் பிரித்து வைத்து, நேர்விளிம்புள்ள ஓரத்துண்டுகளைத் தனியே ஒதுக்க வேண்டும். பெரும்பாலான புதிர்களில் எதிரெதிர் இரண்டு மூக்குள்ள தட்டுதான் நிரம்பி வழியும். அதை மட்டும் நீளம், அகலம் பார்த்து மறுபடியும் பிரித்துக்கொள்ளலாம்.

ஓரத்தை முழுவதும் கட்டி முடித்துவிட்டு உள்ளே வருவதே வழக்கம். ஒற்றை நிறப் புதிரில் அந்த வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 25க்கு 20 என்ற அளவில் வெட்டிய 500 துண்டுகளில் மூலைகளையும் சேர்த்து 86 ஓரத்துண்டுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றையும் அதற்கு முந்தைய துண்டு ஒரு பக்கத்தில் மட்டுமே சோதிப்பதால், பிழை எளிதில் நுழைந்துவிடும். நான் அப்படிக் கட்டிய ஓரத்தில் மேல் விளிம்பில் 25 துண்டுகளும் கீழ் விளிம்பில் 26 துண்டுகளும் வந்து நின்றன. முழுவதையும் கலைக்க நேர்ந்தது. ஒரு மூலையிலிருந்து இரு புறமும் நான்கைந்து துண்டுகளை மட்டும் வைத்துவிட்டு உள்ளே நிரப்பத் தொடங்கினால், ஒவ்வொரு புதிய துண்டும் இடப்பக்கத்திலும் மேற்பக்கத்திலும் இரண்டு துண்டுகளைத் தொட்டே அமர வேண்டியிருக்கும். நீட்டிய ஓரத்தையும் உள்வரிசை சோதித்துவிடும்.

இந்த இரட்டைத் தொடுகையால் தேடலும் சுருங்குகிறது. வைக்க வேண்டிய துண்டுக்கு இடப்பக்கம் பள்ளமும் மேற்பக்கம் மூக்கும் தேவை என்றால், மூக்கே இல்லாத தட்டையும் நான்கு மூக்குத் தட்டையும் தொட வேண்டியதில்லை. மற்ற நான்கு தட்டுகளில், எதிரெதிர் இரண்டு மூக்குள்ள துண்டை இரண்டு திசைகளிலும், மற்றவற்றை ஒரே ஒரு திசையிலும் சோதித்தால் போதும். இரு பக்கங்களிலும் மூக்கு தேவை என்றால், நிரம்பி வழியும் அந்த எதிரெதிர்த் தட்டு முழுவதையும் ஒதுக்கிவிடலாம். அடுத்தடுத்த இரண்டு மூக்குகள் உள்ளதை ஒரு முறையும், மூன்று உள்ளதை இரண்டு முறையும், நான்கு உள்ளதை நான்கு முறையும் திருப்பிப் பார்த்தால் போதும். சோதித்த துண்டைத் தட்டின் மறுமுனையில் வைத்துவிட வேண்டும். குவியலிலேயே திரும்பப் போட்டால் அதே துண்டு நான்கு முறை கைக்கு வரும்.

துண்டு அமர்ந்தபின் செய்யும் சோதனையில்தான் பொறுமை தேவைப்படுகிறது. முதலில் விரல் நுனியால் இணைப்பின் மேல் தடவ வேண்டும். மேடு தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் தவறான துண்டு. பிறகு சாய்ந்த விளக்கொளியில், இடைவெளி முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றைவிட உறுதியான சான்று நான்கு துண்டுகள் கூடும் புள்ளியில் கிடைக்கும். வரிசையாக வெட்டும் அச்சில் தகடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வளைந்து ஓடுவதால், சரியான துண்டுகள் கூடினால் அந்தக் கோடு புள்ளியைத் தடையின்றிக் கடந்து செல்லும். தவறான துண்டானால் அங்கே ஒரு மயிரிழை அளவாவது படி விழும். ஐயம் தீராவிட்டால் அந்தச் சிறு பகுதியை எடுத்து, பின்புறம் கைப்பேசி விளக்கைப் பிடித்து, ஒளி ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இதைச் செய்ய வேண்டும். மூன்று வரிசை கடந்தபின் கண்ட பிழைக்காக ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

நாற்பது ஐம்பது துண்டுகள் எஞ்சும்போது வேலை திடீரென்று விரைவு பெறும். கடைசித் துண்டு கடைசிக் குழியில் அமர மறுத்தால், அந்தக் குழிக்குரிய துண்டு உள்ளே எங்கோ தவறான இடத்தில் அமர்ந்திருக்கிறது. அந்தக் குழியின் வடிவத்தையே கொண்ட துண்டுகளின் கூடுபுள்ளிகளை மட்டும் விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து வர வேண்டும். எனக்கு அது பதினான்காம் வரிசையில் கிடைத்தது.

முடித்த புதிரை இடம் மாற்றுவதானால், மேலும் கீழும் தடித்த அட்டை வைத்துப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் கிடையாகவே வைத்துக்கொண்டு வந்தேன். ஓர் ஓரத்துண்டு மட்டும் கழன்றிருந்தது.