கடல்நீர்த் தொட்டியில் பிரிசில் வார்ம் குத்திவிட்டால் என்ன செய்வது

லைவ் ராக்கை, அதாவது சிற்றுயிர்கள் குடியிருக்கும் தொட்டிப் பாறையை, தூக்கும்போது விரல் நுனியில் சுருக்கென்று ஏதோ ஏறி, வெளியே எடுத்துப் பார்த்தால் தோலில் வெள்ளை வெள்ளையாக மெல்லிய சுணை ஒட்டியிருக்கிறதா? பிரிசில் வார்ம் என்கிற சுணைப்புழுதான். உடனே கையைத் துணியில் தேய்க்கத்தான் தோன்றும், தேய்க்கவே தேய்க்காதீர்கள். வாயில் வைத்து உறிஞ்சுவதும், நகத்தால் சுரண்டுவதும், அழுத்திப் பிதுக்குவதும் கூடாது.

இந்தப் புழுவின் உடல் நெடுக இருபக்கமும் கொத்துக் கொத்தாகச் சுணை இருக்கும். குத்துகிற வகைகளில் அது கால்சியம் கார்பனேட்டால் ஆனது, பட்டவுடனே ஒடிந்து தோலில் தங்கிவிடும். தேய்த்தால் இன்னும் பொடியாகி, இன்னும் ஆழமாக இறங்கும். யூரித்தோயி காம்பிளனேட்டா என்ற இனத்திலிருந்து, அழற்சி உண்டாக்கும் காம்பிளனின் என்ற வேதிப்பொருளையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதனால் குத்திய வலியோடு எரிச்சல், வீக்கம், அரிப்பு எல்லாம் சேர்ந்து வரலாம்.

சரி, முதல் வேலை, மோதிரம் இருந்தால் கழற்றுங்கள், ஏனென்றால் விரல் வீங்கிய பிறகு அது வராது. அப்புறம் கையைத் துடைக்காமல் அப்படியே காற்றில் உலரவிடுங்கள், ஈரத்தில் டேப் ஒட்டாது. நன்றாக ஒட்டும் செல்லோ டேப்பையோ மருத்துவ டேப்பையோ குத்திய இடத்தின் மேல் லேசாக வைத்து, அழுத்தாமல், மேல்நோக்கி உரித்தெடுங்கள். ஒருமுறை பயன்படுத்திய துண்டை மறுபடி ஒட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் சுணை பளபளத்துக் கண்ணில் படும், போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியும். பெரிதாக நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இடுக்கியால் நேராக இழுக்கலாம். பொடியானவற்றை இடுக்கியால் பிடித்தால் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும்.

பிறகு வெள்ளை வினிகரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம்போல வைத்திருங்கள். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும் என்பதால்தான் வினிகர். வினிகர் இல்லையென்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவுவதும் உண்டு. கடைசியாக சோப்புத் தண்ணீரால் தேய்க்காமல் கழுவுங்கள். மிச்சமிருக்கும் அரிப்புக்கு 1% ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும், உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் ஒவ்வாமை மாத்திரையும் உதவும். எரிச்சல் சில மணி நேரத்தில் அடங்கலாம், சில நாளும் இழுக்கலாம்.

மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல், இவற்றில் எது வந்தாலும் டேப்பையெல்லாம் விட்டுவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் அலசிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல் என்றாலும் தள்ளிப்போடாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதென்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. காயம் ஆறிவிட்டது என்று நினைத்திருக்கும்போது சில வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு கட்டி கிளம்பி, ஆறாமலே இருக்கும். மீன் தொட்டித் தண்ணீரில் வாழக்கூடிய மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி இதற்குக் காரணமாக இருக்கலாம். அது சுமார் 30 டிகிரி செல்சியஸில்தான் நன்றாக வளரும், ஆய்வகத்தில் உடல் வெப்பத்தில் மட்டும் வளர்த்துப் பார்த்தால் தப்பிவிட வாய்ப்புண்டு, வழக்கமான சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காது. ஆகவே மருத்துவர் கேட்காவிட்டாலும் "வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் கைவிடுவேன்" என்று நீங்களே சொல்லுங்கள்.

இனிமேல் குத்தாமல் இருக்க, தடிமனான நீளக் கையுறை போடுங்கள், மெல்லிய கையுறையைச் சுணை துளைத்துவிடும். சோவாந்திட் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு இருப்பதால் எப்படியும் கையுறை தேவைதான். வேலை முடிந்ததும் கையுறையையும் வலையையும் நன்றாக அலசிவிட்டுத்தான் முகத்தைத் தொட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் விரலை விடாதீர்கள், அங்கே நீள இடுக்கிதான் போக வேண்டும்.

குத்திவிட்டது என்பதற்காகத் தொட்டியிலுள்ள எல்லாப் புழுவையும் ஒழிக்கக் கிளம்புவது என் பார்வையில் தவறு. மிஞ்சிய தீனியையும் செத்த நத்தையையும் தின்று தீர்ப்பது அவைதான். திடீரென்று பெருகினால் தீனி அதிகமாக விழுகிறது என்று அர்த்தம், அதைக் குறைத்தாலே எண்ணிக்கையும் குறையும். அவசரமென்றால் இரவு விளக்கணைத்த பிறகு தீனி வைத்த பொறியைப் போடலாம். துண்டாக வெட்டிப்போடாதீர்கள், யூரித்தோயி துண்டிலிருந்தே முழுப் புழுவாக வளரக்கூடியது. பவளத்தைத் தின்னும் ஹெர்மோடைஸ் தீப்புழு கண்ணில் பட்டால் மட்டும், இடுக்கியால் முழுதாக எடுத்து வெளியேற்றிவிடுங்கள்.